கால்வாயை வென்ற கன்னி: ஆரத்தி சாகா

தருமபுரி மாவட்டத்தின் சிற்றூர்களில் நீச்சல் என்பது பயிற்சியாளர் கற்றுத்தரும் கலை அன்று. ஊர்க்கிணற்றின் படிக்கட்டில் நின்று, இடுப்பில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு, மாமனோ அண்ணனோ பிடித்துத் தள்ள, மூச்சுமுட்டித் தத்தளித்துக் கரையேறிய பிள்ளைகள் நாளடைவில் குடுக்கையை அவிழ்த்தெறிந்து மேட்டிலிருந்து தலைகீழாகப் பாய்வார்கள். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் குடும்பங்களில் நடை பழகும் வயதிலேயே காவிரி அறிமுகமாகிவிடுகிறது. இப்படி நீந்தும் ஆயிரமாயிரம் பிள்ளைகளுள் ஒருவரின் திறமையைக் கண்டுகொள்ள ஒரு கண்ணும், அதை வளர்த்தெடுக்க ஒரு சங்கமும், வழிச்செலவுக்குக் கொஞ்சம் பணமும் வாய்த்தால் என்ன நிகழும்? கங்கையின் கிளையான ஊக்ளி ஆற்றின் படித்துறையில் அது ஒருமுறை நிகழ்ந்தது. அந்தப் பிள்ளையின் பெயர் ஆரத்தி சாகா.

படித்துறைச் சிறுமி

கொல்கத்தாவில் 1940ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் ஒரு நடுத்தரக் குடும்பத்தில் ஆரத்தி பிறந்தார். தந்தையார் பாஞ்சுகோபால் சாகா படைத்துறையில் எளிய பணியில் இருந்தவர். உடன்பிறந்தோர் இருவர். குழந்தைக்கு இரண்டரை வயது நிரம்பிய வேளையில் தாய் மறைந்தார். அண்ணனும் தங்கை பாரதியும் தாய்மாமன் வீட்டிற்குச் செல்ல, ஆரத்தி வடகொல்கத்தாவில் இருந்த பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார்.

நான்கு வயதில், தம் மாமனோடு சம்பாதலாப் படித்துறைக்கு நீராடச் செல்லும் வழக்கம் ஏற்பட்டது. நீராடப் போன இடத்தில் நீந்தவும் கற்றுக்கொண்டார். தண்ணீரைவிட்டு மேலேறவே மனமில்லாத மகளின் இயல்பைக் கண்ட தந்தை அவரை ஹாட்கோலா நீச்சல் சங்கத்தில் சேர்த்தார். தாயற்ற பெண்குழந்தையைக் கட்டிக்காக்க வேண்டிய பொருள் என்று எண்ணாமல், ஆண்பிள்ளைகள் நிறைந்த ஒரு சங்கத்திற்கு அழைத்துச் சென்ற அந்தத் தந்தையின் துணிவு 1940களில் எளிதில் காணக்கூடியது அன்று.

1946ஆம் ஆண்டில், ஐந்து வயதுச் சிறுமியாக, சைலேந்திரா நினைவு நீச்சல் போட்டியில் 110 கெஜத் தன்விருப்ப நீச்சலில் ஆரத்தி தங்கப்பதக்கம் பெற்றார். சச்சின் நாகின் பார்வை அவர்மீது விழுந்தது. காசியில் கங்கையிலே நீந்தப் பழகிய சச்சின் நாக், 1951ஆம் ஆண்டு தில்லியில் நடைபெற்ற முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர் தன்விருப்ப நீச்சலில் வென்று, அப்போட்டிகளில் இந்தியாவுக்கு முதல் தங்கத்தைப் பெற்றுத்தந்தவர். ஆற்றில் பழகியவர் ஆற்றில் பழகிய குழந்தைக்கு ஆசிரியராக வாய்த்தார்.

அதன்பின் வந்த ஆண்டுகளில் வங்காள மாநிலப் போட்டிகளில் மட்டும் 22 வெற்றிகள் ஆரத்திக்குக் கிட்டின. தன்விருப்ப நீச்சலிலும் நீந்தினார். ஆயினும் அவருடைய வலிமை மார்பு நீச்சலில் இருந்தது. 1951இல் மாநிலப் போட்டியொன்றில் 100 மீட்டர் மார்பு நீச்சலை 1 நிமிடம் 37.6 நொடியில் நீந்தி, மும்பை வீராங்கனை டாலி நசீர் நிறுவியிருந்த அகில இந்தியச் சாதனையை முறியடித்தார். அப்போது அவருக்கு வயது பத்தோ பதினொன்றோதான்.

ஹெல்சின்கியில் ஒரு பாடம்

1952ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கி நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. வளைகோல் பந்தாட்டத்தில் இந்தியா தங்கம் வென்றதும், மற்போரில் கே. டி. ஜாதவ் வெண்கலம் வென்றதும் அப்போட்டியில்தான். அந்த அணியில் நான்கு பெண்கள் இடம்பெற்றிருந்தனர். ஓட்டப் பந்தயங்களுக்கு நீலிமா கோஷும் மேரி டிசூசாவும், நீச்சலுக்கு டாலி நசீரும் ஆரத்தி சாகாவும் சென்றனர். ஆரத்திக்குப் பன்னிரண்டு வயது நிறைவடைய இன்னும் இரண்டு மாதங்கள் இருந்தன.

200 மீட்டர் மார்பு நீச்சலின் தகுதிச் சுற்றில் அவர் எடுத்துக்கொண்ட நேரம் 3 நிமிடம் 40.8 நொடி. அடுத்த சுற்றுக்கு அவர் செல்லவில்லை. இறுதிப் போட்டியில் வென்ற ஹங்கேரியின் ஏவா செக்கேயின் நேரம் 2 நிமிடம் 51.7 நொடி. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 49 நொடி வேறுபாடு. இந்த வேறுபாட்டை வயதின் வேறுபாடு என்று மட்டும் கொள்வது பிழை. அது நீச்சல் முறையின் வேறுபாடும் ஆகும்.

மார்பு நீச்சலில் கைகள் நீருக்குள்ளேயே முன்னோக்கி நீளும். கால்கள் தவளையைப் போல மடங்கி விரியும். 1930களில் சில வீரர்கள், கைகளை நீருக்கு மேலே எழுப்பி, இறக்கைகளைப் போல வீசி முன்னே கொண்டுவந்தால் விரைவு கூடும் என்று கண்டுகொண்டனர். அன்றைய விதிகளில் அதற்குத் தடை ஏதும் இல்லை. இவ்வாறு மார்பு நீச்சலின் வயிற்றில் பிறந்ததே வண்ணத்துப்பூச்சி நீச்சல். ஹெல்சின்கியில் ஏவா செக்கே வென்றதும் இந்த இறக்கை வீச்சினால்தான். ஆக, ஒரே பந்தயத்தில் ஒருத்தி தவளையாகவும் மற்றொருத்தி வண்ணத்துப்பூச்சியாகவும் நீந்திய காலம் அது. போட்டிகள் முடிந்த அவ்வாண்டிலேயே உலக நீச்சல் கூட்டமைப்பு இரண்டையும் தனித்தனி வகைகளாகப் பிரித்தது. 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் வண்ணத்துப்பூச்சி நீச்சல் தனிப் போட்டியாக இடம்பெற்றது. ஏவா செக்கே யூதப் பெண். இரண்டாம் உலகப்போரின்போது உயிர் தப்பியதே அரிதாக இருந்தவர். அவரும், ஊக்ளிப் படித்துறையில் இருந்து வந்த சிறுமியும் ஒரே குளத்து நீரில் இறங்கினர் என்பதே எண்ணிப்பார்க்க வியப்பளிக்கிறது.

நாடு திரும்பிய பிறகு, 100 மீட்டர் தன்விருப்ப நீச்சலில் ஆரத்தி தோற்றார். தோற்கடித்தவர் வேறு யாருமல்லர், தங்கை பாரதி. அந்தத் தோல்விக்குப் பின் அவர் மார்பு நீச்சலிலேயே முழுக் கவனத்தையும் செலுத்தினார்.

ஒரு வாழ்த்துச் செய்தி

கல்லூரி மாணவியாக, கொல்கத்தா சிட்டி கல்லூரியில் பயின்ற காலத்தில் ஆரத்தியின் வாழ்க்கை வேறு திசையில் திரும்பியது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட ஆங்கிலக் கால்வாயின் மிகக் குறுகிய அகலம் ஏறத்தாழ 21 மைல். வரைபடத்தில் விரலால் அளந்துவிடக்கூடிய இந்த நீர்ப்பரப்பை முதன்முதலில் நீந்திக் கடந்தவர் மேத்யூ வெப், ஆண்டு 1875. முதல் பெண், அமெரிக்காவின் கெர்ட்ரூட் எடர்லி, ஆண்டு 1926. ஆசியாவைச் சேர்ந்த எவரும் 1958 வரை அதைக் கடந்ததில்லை.

1958இல் அந்தக் கதவு திறந்தது. பட்லின் என்னும் ஆங்கிலேயத் தொழிலதிபர் நடத்திவந்த பன்னாட்டுக் கால்வாய் நீச்சல் போட்டியில், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைச் சேர்ந்த பிரஜேன் தாஸ் ஆண்களில் முதலாவதாக வந்தார். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த கிரெட்டா ஆண்டர்சன் என்னும் பெண்மணியோ ஆண், பெண் இருபாலாரையும் முந்தி முதலிடம் பெற்றார். அதே ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் கொல்கத்தாவின் மிஹிர் சென் கால்வாயைக் கடந்து முதல் இந்தியர் என்னும் பெருமையைப் பெற்றார்.

ஆரத்தி, பிரஜேன் தாஸுக்கு வாழ்த்துச் செய்தி ஒன்றை அனுப்பினார். அவரோ, இது உன்னாலும் முடியும் என்னும் பொருள்பட மறுமொழி எழுதியதோடு நில்லாமல், அடுத்த ஆண்டுப் போட்டிக்கு ஆரத்தியின் பெயரைப் போட்டி அமைப்பாளர்களுக்குத் தாமே பரிந்துரைத்தார். நாடு இரண்டாகப் பிரிந்து பத்தாண்டுகளே கடந்திருந்தன. எல்லைக்கு அப்பால் இருந்து வந்த அந்தப் பரிந்துரையை வங்க மக்கள் பெரிதாகப் பேசிக்கொண்டார்களோ இல்லையோ, ஆரத்தியின் வரலாற்றில் அதற்கு நீங்காத இடம் உண்டு.

மனம் துணிந்துவிட்டது, பணம் இல்லை. கடல் கடந்து செல்லவும், அங்கே மாதக்கணக்கில் தங்கவும், துணைப்படகை அமர்த்தவும் பெருந்தொகை வேண்டியிருந்தது. ஹாட்கோலா சங்கத்தின் துணைச் செயலராக இருந்த மருத்துவர் அருண் குப்தா பயணத்தைத் திட்டமிடும் பொறுப்பை ஏற்றார். ஆரத்தியின் நீச்சல் திறனைப் பொதுமக்களுக்குக் காட்டும் நிகழ்ச்சிகள் நடத்தப்பட்டு நிதி திரட்டப்பட்டது. திரண்ட தொகை போதவில்லை. நண்பர்கள் சிலர் முதலமைச்சர் பிதான் சந்திர ராயிடம் முறையிட, அவர் 11,000 ரூபாய்க்கு ஏற்பாடு செய்தார். பிரதமர் ஜவகர்லால் நேருவும் இம்முயற்சியில் அக்கறை காட்டி ஊக்கமளித்தார்.

பயிற்சியோ தேசபந்து பூங்காவின் குளத்தில் நடந்தது. 1959ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், பெருந்திரளான மக்கள் சூழ்ந்து நின்று காண, ஆரத்தி எட்டு மணி நேரம் இடைவிடாது நீந்தினார். பின்னர் பதினாறு மணி நேரம் தொடர்ந்து நீந்தும் அளவுக்கு உடலைப் பழக்கினார். சித்திரை வெயிலில் வெதுவெதுப்பாகிக் கிடக்கும் கொல்கத்தாக் குளத்து நீர் எங்கே, கோடைக்காலத்திலும் உடலை நடுங்கச் செய்யும் கால்வாயின் உப்புநீர் எங்கே! கைகளையும் கால்களையும் அந்தக் குளத்தில் பழக்கலாம். குளிரைப் பழக்க இயலாது. ஜூலை 24ஆம் நாள் அருண் குப்தாவுடன் ஆரத்தி இங்கிலாந்துக்குப் புறப்பட்டார்.

நாற்பது நிமிடம்

ஆங்கிலக் கால்வாயில் நீந்துவோருக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. குளிரைத் தாங்க உடலில் கொழுப்பு பூசிக்கொள்ளலாம். உடன் வரும் படகிலிருந்து நீட்டப்படும் உணவை நீரில் இருந்தபடியே உண்ணலாம். படகைப் பற்றுதல் கூடாது. எவரும் நீந்துவோரைத் தொடுதலும் கூடாது. தொட்ட நொடியில் முயற்சி முடிந்துவிடும். இவற்றைக் காட்டிலும் கடுமையானது இயற்கை விதித்த கட்டுப்பாடு. கால்வாயின் நீர் ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாறி ஓடுகிறது. நேர்கோட்டில் நீந்தினாலும் நீரோட்டம் பக்கவாட்டில் இழுத்துச் செல்லும். அதனால்தான் 21 மைல் அகலத்தைக் கடப்பவர் அதன் இருமடங்கு தொலைவையும் நீந்த நேரிடுகிறது. எந்த வேளையில் நீரில் இறங்க வேண்டும் என்பதைக் கணிப்பதே படகோட்டியின் தலையாய கடமை.

1959ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள், நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கு, பிரான்சு நாட்டின் கிரீ நே முனையில் போட்டி தொடங்கியது. 23 நாடுகளைச் சேர்ந்த 58 பேர். அவர்களுள் பெண்கள் ஐவர். ஆரத்திக்கு உரிய துணைப்படகு மட்டும் குறித்த நேரத்தில் வந்து சேரவில்லை. இருளில் மற்றவர்கள் ஒவ்வொருவராக நீரில் இறங்கி மறைய, அவர் கரையில் காத்து நின்றார். படகு வந்தபோது நாற்பது நிமிடம் கடந்திருந்தது.

நிலத்தில் நடக்கும் பந்தயத்தில் நாற்பது நிமிடத் தாமதம் நாற்பது நிமிட இழப்பு மட்டுமே. கால்வாயில் அப்படி அன்று. காலை பதினொரு மணியளவில் ஆரத்தி இங்கிலாந்துக் கரைக்கு ஐந்து மைல் தொலைவுவரை வந்துவிட்டார். கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவு அது. அங்கே நீரோட்டம் எதிர்த்துத் திரும்பியது. மாலை நான்கு மணி வரை, ஐந்து மணி நேரம் போராடியும் இரண்டு மைலுக்கு மேல் முன்னேற முடியவில்லை. அவர் நிறுத்த விரும்பவில்லை. படகில் இருந்தவரின் வற்புறுத்தலே முயற்சியை முடிவுக்குக் கொண்டுவந்தது. கரைக்கு மூன்று மைல் இருக்கையில் ஆரத்தி படகில் ஏற்றப்பட்டார்.

இந்த இடத்தில் அவர் கொல்கத்தாவுக்குத் திரும்பியிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். பழி படகின்மேல் போயிருக்கும். ஆனால் நிதி திரட்டும்போது கண்ட முகங்கள் நினைவில் இருந்திருக்க வேண்டும். அந்த நீரோட்டத்தின்மீது தீராத கோபமும் இருந்திருக்க வேண்டும். ஆரத்தி இங்கிலாந்திலேயே தங்கினார். பருவம் முடிந்துகொண்டிருந்தது. செப்டம்பர் கடைசியில் காற்று வலுத்துவிடும். அதற்குமேல் அந்த ஆண்டில் வாய்ப்பு இல்லை. செப்டம்பர் 24ஆம் நாள் அவருக்குப் பத்தொன்பது வயது நிறைந்தது. பிறந்தநாள் கழிந்து ஐந்தாம் நாள் மீண்டும் கிரீ நே முனைக்குச் சென்றார்.

இம்முறை உடன் நீந்துவோர் எவரும் இலர். பந்தயமும் இல்லை, பரிசும் இல்லை. ஒரு பெண்ணும், ஒரு படகும், கடலும் மட்டுமே. 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் 16 மணி 20 நிமிட நேரம் இடையறாது நீந்தி, அலைகளின் இழுப்பில் 42 மைல் தொலைவைக் கடந்து, இங்கிலாந்தின் சாண்ட்கேட் கரையில் ஆரத்தி கால் பதித்தார். அந்தக் கரையில் இந்திய மூவண்ணக்கொடி ஏற்றப்பட்டது. ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண் அவர். மறுநாள் அகில இந்திய வானொலி அச்செய்தியை நாட்டு மக்களுக்கு அறிவித்தது. இலண்டனில் இந்தியத் தூதராக இருந்த விஜயலட்சுமி பண்டிட் முதலில் வாழ்த்தியவர்களுள் ஒருவர்.

தேசபந்து பூங்காக் குளத்தில் பதினாறு மணி நேரம் நீந்தியதை அன்று பலர் வேடிக்கையாகவே பார்த்திருப்பார்கள். கால்வாய் அவரிடம் கேட்டது அதைவிட இருபது நிமிடமே கூடுதல்.

கரையேறிய பின்

1960ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கியது. விளையாட்டுத் துறையில் அவ்விருதைப் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆரத்தியே ஆவார். தம் பயணத்தைத் தோள்மீது சுமந்த அருண் குப்தாவையே அவர் மணந்துகொண்டார். புகுந்த வீடும் பாட்டியின் வீட்டிற்கு அருகிலேயே அமைந்தது. அர்ச்சனா என்னும் மகள் பிறந்தார். வங்க நாக்பூர் ரயில்வே என்று மக்கள் பழைய பெயராலேயே வழங்கிவந்த ரயில்வே நிறுவனத்தில் ஆரத்தி பணியாற்றினார். உலகச் செய்தியாக விளங்கிய ஒருவர் நாள்தோறும் அலுவலகம் சென்று திரும்பும் வாழ்வை ஏற்றுக்கொண்டார்.

இதே காலப்பகுதியில் மிஹிர் சென் தம் கடற்பயணங்களைத் தொடர்ந்தார். 1966ஆம் ஆண்டு ஏப்ரலில் இலங்கையின் தலைமன்னாரிலிருந்து நம் தனுஷ்கோடிவரை பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். அதற்கு முன்பே, 1954ஆம் ஆண்டில், நவரத்தினசாமி என்னும் தமிழர் அந்நீரிணையைக் கடந்து வழிகாட்டியிருந்தார். கடல் நீச்சலின் வரலாற்றை வங்கத்தோடு நிறுத்திவிடாமல் தமிழ்க் கடற்கரைக்கும் கொண்டுவந்து படிக்க வேண்டும் என்பதற்காகவே இதனை இங்குக் குறிப்பிடுகிறோம்.

1994ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் மஞ்சள் காமாலையும் மூளையழற்சியும் ஆரத்தியைத் தாக்கின. பத்தொன்பது நாள் மருத்துவமனையில் நோயோடு போராடி, ஆகஸ்டு 23ஆம் நாள் இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று.

1996ஆம் ஆண்டில் வடகொல்கத்தாவில் அவர் வாழ்ந்த வீட்டின் அருகே மார்பளவுச் சிலை ஒன்று நிறுவப்பட்டது. 1999ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அவருடைய உருவம் பொறித்த மூன்று ரூபாய் அஞ்சல்தலையை வெளியிட்டது. சிலைக்கு முன்னே செல்லும் தெருவுக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது. அத்தெருவின் நீளம் 100 மீட்டர். சிறுமி ஆரத்தி 1 நிமிடம் 37.6 நொடியில் நீந்திக் கடந்த அதே தொலைவு.